கழுவிய ஏர் ஃபில்டரை முழுதாக உலர விடுங்கள்

சென்ற ஐப்பசி அடைமழையின்போது எங்கள் பணிமனைக்கு வந்த ஒரு டீசல் காரில் இழுவை குறைந்து, இஞ்சின் எச்சரிக்கை விளக்கும் எரிந்துகொண்டிருந்தது. ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்தபோது பருத்தி ஃபில்டரின் மடிப்புகளுக்குள் ஈரம் இருந்தது. அதன்மேல் ஊற்றப்பட்ட எண்ணெய் துணியில் ஊறாமல் திட்டுத் திட்டாக நின்றது. உள்ளே செல்லும் காற்றை அளக்கும் சென்சாரிலும் எண்ணெய் படிந்திருந்தது. உரிமையாளர் முறையாகத்தான் கழுவியிருக்கிறார், ஆனால் மறுநாள் காலைப் பயணத்துக்காக அன்றிரவே அதை மாட்டிவிட்டார்.

ஒரு லிட்டர் பெட்ரோல் முறையாக எரிய ஏறத்தாழ 9,000 லிட்டர் காற்று தேவைப்படுகிறது என்பதை நினைத்தால், இந்தச் சிறிய ஃபில்டரின் பொறுப்பு விளங்கும். கழுவித் திரும்பப் பயன்படுத்தும் வகை ஃபில்டரில், உலோகக் கம்பி வலைகளுக்கு நடுவே பல அடுக்குப் பருத்தித் துணி இருக்கும். அதில் ஊறியிருக்கும் எண்ணெயே நுண்ணிய தூசியைப் பிடித்து வைக்கிறது. ஈரத் துணியில் எண்ணெய் சீராகப் பரவாது. எண்ணெய் படாத இடத்தின் வழியே மணல்துகள் நுழைந்து சிலிண்டர் சுவரையும் பிஸ்டன் வளையங்களையும் தேய்க்கும். காகித ஃபில்டரைக் கழுவவே கூடாது. அழுக்கானால் மாற்ற வேண்டியதுதான்.

முதலில் மெதுவாகத் தட்டித் தூசியை உதிர்த்துவிட்டு, இதற்கென விற்கும் கிளீனரை இருபுறமும் தெளித்துச் சுமார் 10 நிமிடம் ஊற விடுங்கள். அது ஃபில்டரிலேயே காய்ந்துவிடக் கூடாது. பின்பு மெல்லிய குழாய் நீரை இஞ்சினைப் பார்த்திருக்கும் சுத்தமான பக்கத்திலிருந்து அழுக்குப் பக்கம் நோக்கி விடுங்கள். எதிர்த்திசையில் விட்டால் அழுக்கு துணிக்குள் இன்னும் ஆழமாகப் போகும். பெட்ரோலும் மண்ணெண்ணெயும் ரப்பர் விளிம்பைக் கெடுக்கும் என்பதால் அவற்றைத் தொடவே வேண்டாம்.

உலர்த்துவதில்தான் பலரும் பொறுமை இழக்கிறார்கள். கம்ப்ரஸர் காற்று பருத்தி இழைகளைப் பிரித்து ஓட்டையாக்கும். ஹேர் டிரையரின் சூடு துணியைச் சுருக்கும். நீரை உதறிவிட்டு, காற்றோட்டமான நிழலில் சாய்த்து வைப்பதே சரியான வழி. வறண்ட நாளில் சில மணி நேரம் போதும் என்றாலும், மழைக்காலத்தில் நான் ஓர் இரவும் ஒரு பகலும் விடுகிறேன். மேற்புறம் காய்ந்ததும் ஏமாந்துவிடாமல், மடிப்புகளின் அடியில் வெள்ளைத் துணியை ஒற்றிப் பாருங்கள். அதுவரை ஃபில்டர் இல்லாமல் வண்டியை ஓட்டாதீர்கள். காருடன் வந்த காகித ஃபில்டர் நல்ல நிலையில் இருந்தால் அதையே தற்காலிகமாக மாட்டலாம்.

உலர்ந்த பிறகு ஒவ்வொரு மடிப்பின் மேலும் அளவாக எண்ணெயிட்டு, 20 நிமிடம் ஊற விட்டு, வெளிறித் தெரியும் இடத்தில் மட்டும் மீண்டும் சிறிது எண்ணெயிடுங்கள். மிகுந்த எண்ணெய் காற்றோடு பறந்து சென்சாரின் சூடான கம்பியில் படிந்தால், அது காற்றின் அளவைத் தவறாகக் காட்டும்; நாங்கள் பார்த்த காரில் நேர்ந்ததும் இதுதான். அந்தச் சென்சாரை உரிய திரவத்தால் சுத்தம் செய்து, ஃபில்டரை மீண்டும் கழுவி, இரண்டு நாள் காயவைத்து மாட்டிய பின்புதான் வண்டிக்குப் பழைய இழுவை திரும்பியது.