கோக்கிங் கோல் ஷேர்ல பி.இ 2-ன்னு காட்டுனா உடனே பாய்ஞ்சுடாதீங்க

நிலக்கரி ஷேர்னு பேச்சு எடுத்தாலே நம்ம பக்கத்து ஆளுங்களுக்கு நெய்வேலியும் தூத்துக்குடி அனல்மின் நிலையமும்தான் ஞாபகம் வரும், கரண்டுக்கு எரிக்கிற கரிதானே, சோலாரு காத்தாடின்னு எல்லாம் வந்தாச்சு இனிமே அதுல என்ன இருக்குன்னு கேப்பாங்க. ஆனா கொஞ்ச நாளா என்கிட்ட ரிட்டர்ன் போட வர்றவங்க போனை நீட்டி "ஆடிட்டர் சார், இதை வாங்கலாமா"ன்னு காட்டுறது அந்தக் கரி இல்ல. ஸ்டீல் ஆலைக்குப் போற கோக்கிங் கோல், மெட் கோல்னும் சொல்றாங்க. அமெரிக்க ஷேரை இங்க உக்காந்தே ஆப்ல வாங்கிறலாம்னு ஆனப்புறம் மதுரைல பென்ஷன்காரர்ல இருந்து ஹார்டுவேர் கடைக்காரர் வரைக்கும் இது வந்துருச்சு. எதை நம்பி வாங்குறாங்கன்னு கேட்டா பெரும்பாலும் ரெண்டே காரணம்தான், பி.இ (ஷேர் விலை ஒரு வருஷ லாபத்தைப் போல எத்தனை மடங்குங்கற கணக்கு) ரொம்ப கம்மி, டிவிடெண்ட் (லாபத்துல பங்குக்காரங்களுக்குக் கம்பெனி கொடுக்குற பணம்) ரொம்ப ஜாஸ்தி. அந்த ரெண்டையும் நம்பித்தான் பணம் போகுது, அதனாலதான் இதை எழுதுறேன்.

முதல்ல சரக்கு என்னன்னு தெரிஞ்சுக்கங்க. இந்தக் கரியைக் காத்து புகாத அடுப்புல 1,000 டிகிரிக்கு மேல பல மணி நேரம் சுட்டா இளகி மறுபடி இறுகி கோக் ஆகும். அந்தக் கோக்தான் பிளாஸ்ட் ஃபர்னஸ்ல, அதாவது இரும்பு உருக்குற பெரிய உலைல, இரும்புத் தாதுல இருக்குற ஆக்சிஜனைப் பிரிச்சு எடுக்குது, அதோட மேல கொட்டுற தாதுவோட பாரத்தையும் தாங்கிக்கிட்டு நிக்கணும், சாதாரண கரியால அது முடியாது. ஒரு டன் ஸ்டீலுக்கு சுமார் 770 கிலோ வேணும்னு கணக்கு சொல்றாங்க. நம்ம நாட்டுல ஜார்க்கண்ட் ஜாரியா பக்கம் கோக்கிங் கோல் நிறைய இருக்கு, ஆனா சாம்பல் ரொம்ப ஜாஸ்தி, அதனால ஸ்டீல் கம்பெனிங்க வருஷத்துக்கு 5 கோடி டன்னுக்கு மேல வெளிநாட்டுல இருந்துதான் இறக்குறாங்க. 2017 ஸ்டீல் கொள்கைப்படி 2030-31-க்குள்ள 30 கோடி டன் உற்பத்தித் திறன் வரணும், அதுல பெரும்பகுதி பிளாஸ்ட் ஃபர்னஸ்தான். அதனால டிமாண்ட் இருக்குன்னு சொல்றது பொய் இல்ல. டெலிகிராம் குரூப்ல வர்ற கதை இதோட முடிஞ்சுரும், ஆனா ஷேர் வாங்குறவனுக்கு கதை இங்கதான் ஆரம்பிக்குது.

அமெரிக்காவுல அலபாமா மாநிலத்துல வால்டர் எனர்ஜின்னு ஒரு கம்பெனி இருந்துச்சு. 2011-ல ஆஸ்திரேலியா குயின்ஸ்லாந்துல பெரிய வெள்ளம் வந்து சுரங்கமெல்லாம் முங்குனதால கோக்கிங் கோல் விலை டன்னு 330 டாலர் வரைக்கும் போச்சு, வால்டர் ஷேர் 140 டாலரைத் தொட்டுச்சு. அந்த நேரம் பாத்துதான் 330 கோடி டாலருக்கு வெஸ்டர்ன் கோல்னு கனடாப் பக்கத்து கம்பெனி ஒண்ணை பெருசா கடன் வாங்கி வாங்குனாங்க. விலை அதுக்கப்புறம் வருஷா வருஷம் இறங்கி 2016 தொடக்கத்துல 80 டாலர் பக்கம் வந்துருச்சு, கடனுக்கு வட்டி கட்ட முடியாம 2015 ஜூலைலயே வால்டர் திவால் மனு கொடுத்துருச்சு. ஷேர் வச்சிருந்தவங்களுக்கு ஒண்ணும் மிஞ்சல. கடன் கொடுத்தவங்க அந்த அலபாமா சுரங்கங்களை எடுத்து 2016-ல ஆரம்பிச்சதுதான் இன்னைக்கு எல்லாரும் கேக்குற வாரியர் மெட் கோல். பூமிக்குள்ள இருக்குறது அதே கரிதான், அதே ஊரு, அதே மொபீல் துறைமுகம் வழியாத்தான் கப்பல் ஏறுது. மாறுனது முக்கியமா பேலன்ஸ் ஷீட்ல கடன் பக்கம்தான். ஆல்ஃபா நேச்சுரல், ஆர்ச், பீபாடின்னு பெரிய கம்பெனிங்களும் 2015-16-ல வரிசையா திவாலானதுங்க, அதுங்க கதையிலயும் உச்ச விலைல வாங்குன கடன்தான் உள்ள இருக்கு.

லாபம் இந்தத் தொழில்ல எப்படி ஆடும்னு ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்க, இது நானா எடுத்துக்கிட்ட நம்பர்தான். சுரங்கச் செலவு, ரயில், துறைமுகம், தோண்டி எடுக்குற கரிக்குக் கட்டுற ராயல்டி எல்லாம் சேத்து டன்னுக்கு 140 டாலர் செலவு, விக்கிறது 200 டாலர், கையில நிக்குறது 60. விலை 15 சதவீதம் இறங்கி 170 ஆச்சுன்னா கையில 30 தான், அதாவது லாபத்துல பாதி காலி. அதே விலை 30 சதவீதம் ஏறி 260 ஆச்சுன்னா 120, லாபம் டபுள். விலை கொஞ்சம் அசைஞ்சாலே லாபம் எகிறிக் குதிக்குது, அதனால போன வருஷ லாபத்தை வச்சுப் போட்ட பி.இ-க்கு இங்க அர்த்தமே கிடையாது, அடுத்த வருஷம் அந்த லாபம் இருக்கும்னு எவனும் சொல்ல முடியாது.

நிஜ நம்பரையே பாருங்க. வாரியர் 2022-ல சம்பாதிச்சது சுமார் 64 கோடி டாலர், 2023-ல 48 கோடி, 2024-ல 25 கோடி, 2025 முதல் காலாண்டுல நஷ்டம். இத்தனைக்கும் 2024-ல முந்தின வருஷத்தை விட அதிக டன் வித்தாங்க! காரணம் விலைதான், 2022 மார்ச்ல ரஷ்யா போரு ஆரம்பிச்சப்ப 600 டாலரைத் தாண்டுனது 2025 நடுவுல 200-க்குக் கீழ. ஆனா கம்பெனி படுக்கல, ஏன்னா நல்ல காலத்துல வந்த பணத்தை வச்சே புளூ கிரீக்னு புது சுரங்கத்தை சுமார் 100 கோடி டாலர் செலவுல கட்டுனாங்க, வால்டர் பண்ண தப்பைப் பண்ணல.

எதிர்ப்பக்கமும் சொல்லணும், இல்லைன்னா நேர்மையா இருக்காது. ஆல்ஃபா மெட்டலர்ஜிகல்னு இன்னொரு அமெரிக்க கோக்கிங் கோல் கம்பெனி 2022-ல 145 கோடி டாலர் சம்பாதிச்சுது, அந்த வருஷக் கடைசில பி.இ 2 பக்கம் நின்னுச்சு. அப்ப வாங்குனவங்களுக்கு நல்ல பணம்தான் வந்துச்சு, கம்பெனி கடனை அடைச்சுட்டு தன் ஷேரைத் தானே வாங்கிக் குவிச்சதால ஷேர் விலை 2024 ஜனவரில 400 டாலரைத் தாண்டிருச்சு. அப்புறம் 2025 ஏப்ரல்ல 100 டாலர் பக்கம். பி.இ கம்மின்னு வாங்கி ஜெயிச்சவன் எப்ப விக்கணும்னு தெரிஞ்சு வெளிய வந்திருந்தாத்தான் அந்த ஜெயிப்பு கையில நிக்கும். ஏறுனதைக் கேள்விப்பட்டு அப்புறம் நுழைஞ்சவங்கதான் எங்க ஆபீஸ்ல கேப்பிடல் லாஸ் கணக்கோட உக்காந்திருக்காங்க.

கப்பலூர் பக்கம் கம்பி குடோன் வச்சிருக்குற ஒரு அண்ணன் வந்தாரு. "பிரைமரி கம்பி, அதான் பெரிய ஆலைக்காரன் தாதுல இருந்து பண்ற கம்பி, ஏன் ஏறுது ஏன் இறங்குதுன்னு எனக்குத் தெரியாததா தம்பி, கரி விலை ஏறுனா கம்பெனிக்காரன் மறுநாளே புது ரேட்டு அனுப்பிருவான், அப்ப அந்தக் கரிக் கம்பெனியையே வாங்கிப் போட்டா என்ன"ன்னு கேட்டாரு, கேள்வி ரொம்ப நியாயமான கேள்வி. ஓ.டி.ல (தொழிலுக்கு பேங்க் கொடுக்குற ஓவர்டிராஃப்ட் கடன்) கொஞ்சம் மிச்சம் இருக்கு அதுல எடுக்கலாம்னு வேற சொன்னாரு. அண்ணே 2022 மே மாசம் ஞாபகம் இருக்கான்னு கேட்டேன். அப்ப கவர்மெண்டு திடீர்னு ஸ்டீல் ஏற்றுமதிக்கு 15 சதவீதம் வரி போட்டுச்சு, அதே கையோட கோக்கிங் கோல் இறக்குமதி வரியையும் எடுத்துருச்சு, உச்ச ரேட்ல குடோனை நிரப்பி வச்சிருந்தவங்க எல்லாரும் கைல நட்டத்தோட நின்னாங்க. அண்ணனோட சரக்கு, கடைக்காரங்ககிட்ட நிக்குற பாக்கி, ஓ.டி வட்டி எல்லாமே ஏற்கனவே ஸ்டீல் விலையை நம்பித்தான் ஓடுது, கட்டட வேலை படுத்தா வசூலும் நிக்கும், அதே நேரம் இந்த ஷேரும் விழும், ரெண்டு பக்கமும் ஒரே நாள்ல அடி விழும். இன்னொண்ணு, வெளிநாட்டு ஷேருக்கு எல்.ஆர்.எஸ்-ல (தனி ஆளுங்க வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புற ரிசர்வ் பேங்க் திட்டம்) பணம் அனுப்ப பேங்க் கடன் கொடுக்கவே கூடாதுன்னு ரிசர்வ் பேங்க் விதி இருக்கு. ஓ.டி பணத்தை அனுப்புறது பின்னாடி பிரச்சனைய இழுத்து விட்டுரும்னு சொல்லித்தான் அனுப்புனேன்.

சுரங்கத்துக்குள்ள நடக்குறது வேற ஒரு கவலை. இந்தக் கரி ஆழத்துல இருக்கு, மீத்தேன் வாயு நிறைய. ஆஸ்திரேலியாவுல ஆங்லோ அமெரிக்கன் கம்பெனியோட குரோவனர் சுரங்கம் 2024 ஜூன்ல தீப்பிடிச்சு மூடிட்டாங்க. அதே கம்பெனியோட சுரங்கங்களை 378 கோடி டாலருக்கு வாங்க பீபாடி ஒப்பந்தம் போட்டுச்சு, 2025 மார்ச் கடைசில அதுல முக்கியமான மொரன்பா நார்த்ல வாயு பத்திக்கிட்டு சுரங்கம் நின்னுச்சு, ஆகஸ்ட்ல பீபாடி ஒப்பந்தமே வேண்டாம்னு விலகிருச்சு. ஒரே ஒரு சுரங்கம், ரெண்டு சுரங்கம் வச்சிருக்குற கம்பெனில இப்படி ஒண்ணு நடந்தா அந்த வருஷ வருமானமே போயிரும். அதுக்குள்ள இறங்கி வேலை பாக்குற ஆளுங்க இருக்காங்கங்கறதையும் மறந்துறக்கூடாது, வாரியர்லயே குறைச்ச சம்பளத்தைத் திரும்பக் கேட்டு 2021 ஏப்ரல்ல ஆரம்பிச்ச ஸ்ட்ரைக் ரெண்டு வருஷம் பக்கம் ஓடுச்சு. அப்புறம் ராயல்டி. குயின்ஸ்லாந்து 2022 ஜூலைல இருந்து கரி விலை 300 ஆஸ்திரேலிய டாலரைத் தாண்டுற பகுதிக்கு 40 சதவீதம் எடுக்குது. விலை ஏறுற லாபத்துல பெரும் பங்கு அங்க அரசாங்கத்துக்குத்தான், அதனால ஆஸ்திரேலியக் கம்பெனியையும் அலபாமா கம்பெனியையும் ஒரே தராசுல வைக்காதீங்க.

என் கணிப்பைக் கேட்டா, அடுத்த பத்து வருஷத்துக்கு இந்தச் சரக்கு தேவைப்படும். ஹைட்ரஜன்ல ஸ்டீல் பண்றதா சொன்ன ஆர்செலார் மிட்டலே ஜெர்மனில அந்தத் திட்டத்தை 2025-ல கைவிட்டுருச்சு, புது சுரங்கத்துக்குக் கடன் கொடுக்கவும் நிறைய பேங்குங்க தயங்குதுங்க, இந்தியா வாங்கிக்கிட்டே இருக்கும். பயம் சீனாவை நினைச்சுத்தான், அங்க வீடு கட்டுறது படுத்துருச்சு, பக்கத்துல மங்கோலியாக்காரன் சல்லிசா கரி அனுப்புறான். அதனால விலை நல்லா இருக்குற வருஷமும் வரும், மோசமான வருஷமும் கண்டிப்பா வரும். வாங்குறதா இருந்தா காலாண்டு ரிப்போர்ட்ல டன்னுக்கு எவ்வளவு கேஷ் செலவு, கடனைக் கழிச்சுட்டா கையில எவ்வளவு ரொக்கம், இந்த ரெண்டையும் தேடுங்க. கரி விலை டன்னு 150 டாலர்ல ஒரு வருஷம் நின்னா இவன் கடன் வாங்காம சம்பளம் போடுவானான்னு உங்களையே கேளுங்க. போடுவான்னா, எல்லாரும் சீச்சின்னு தள்ளுற வருஷத்துல, லாபமே இல்லாம பி.இ கணக்கே வராத நேரத்துல, அஞ்சு வருஷம் தொடாத பணத்துல கொஞ்சமா எடுக்கலாம். டிவிடெண்டுக்காக வேண்டாம், நல்ல வருஷத்துல ஒரு தடவை மட்டும் சேத்துக் கொடுக்குற ஸ்பெஷல் டிவிடெண்டை வச்சு ஆப் காட்டுற சதவீதம் அடுத்த வருஷம் காணாமப் போயிரும். பென்ஷன் மாதிரி மாசச் செலவுக்கு அதை நம்புனா கஷ்டம்.

நம்மூர்ல பாரத் கோக்கிங் கோல் இருக்கேன்னு கேப்பீங்க. அது கோல் இந்தியாவோட பிள்ளை, பேருல கோக்கிங் இருந்தாலும் அது எடுக்குற கரில பெரும்பகுதி சாம்பல் கூடுனதால மின்நிலையத்துக்குத்தான் போகுது. கழுவி ஸ்டீலுக்குப் போறது எத்தனை டன்னுன்னு பாத்துட்டுத்தான் அதை இந்த வரிசைல வைக்கணும்.

வரி விஷயம் சுருக்கமா. அமெரிக்க டிவிடெண்ட்ல 25 சதவீதம் அங்கயே பிடிச்சுருவான், இங்க அதைக் கழிச்சுக்க அதுக்குண்டான தனி ஃபார்மைப் போடணும். ரிட்டர்ன்ல வெளிநாட்டுச் சொத்தைக் காட்டுற ஷெட்யூல் எஃப்.ஏ-ல ஒரே ஒரு ஷேர் இருந்தாலும் காட்டணும், அதுவும் நிதியாண்டு இல்ல ஜனவரில இருந்து டிசம்பர் கணக்கு, இதை விட்டுட்டு வர்றவங்கதான் அதிகம். வருஷத்துல 10 லட்சத்துக்கு மேல அனுப்புனா, மேல போற தொகைக்கு டி.சி.எஸ்-னு முன்கூட்டியே 20 சதவீதம் வரி பிடிப்பாங்க, ரிட்டர்ன்ல திரும்ப வரும். அமெரிக்க ஷேர் மதிப்பு 60,000 டாலரைத் தாண்டி இருக்கும்போது வச்சிருக்குறவர் இறந்துட்டா அந்த நாட்டு எஸ்டேட் வரி (இறந்தவரோட சொத்து மேல போடுற வரி) 40 சதவீதம் வரைக்கும் போகும், குடும்பத்துக்கு ஷேர் வந்து சேர்றதுக்குள்ள பெரும் அலைச்சல் ஆயிரும். ஆப்போட பாஸ்வேர்டை மட்டும் மகன்கிட்ட கொடுத்து வச்சிருக்கேன்னு சொன்னா பத்தாது, எந்த புரோக்கர், எந்த அக்கவுண்ட், எவ்வளவு ஷேர்னு எழுதி வீட்டுல வைங்க.