வீட்டில் செய்த கேக்தானே என்று விடாமல், ஒருமுறை எடை போட்டுப் பாருங்கள்

ஒன்றரை கப் மைதா, ஒரு கப் சர்க்கரை, ஒரு கப் தயிர், அரை கப் எண்ணெய், மேலே ஒரு கப் சாக்லேட் சிப்ஸ். முட்டை இல்லாமல் வீட்டில் செய்யும் சாக்லேட் சிப் கேக்குக்குப் பெரும்பாலும் எல்லாரும் வைத்திருக்கும் கணக்கு இதுதான். ஒரு கப் சர்க்கரை என்றால் 200 கிராம். ஒரு கப் சிப்ஸ் 170 கிராம் வரும், அதில் பாதி சர்க்கரை என்று வைத்துக்கொண்டால் 85 கிராம். ஆக ஒரு கேக்கில் 285 கிராம். எட்டு அங்குல சதுர டின்னில் சுட்டு, மூன்றுக்கு மூன்றாக ஒன்பது துண்டு போட்டால் ஒரு துண்டில் 32 கிராம் சர்க்கரை, அதாவது ஆறு டீஸ்பூனுக்கு மேல்.

நாள் முழுக்கச் சேர்த்து சுமார் 1,600 கலோரி சாப்பிடும் குழந்தைக்கு, தனியாகச் சேர்க்கும் சர்க்கரை 40 கிராமுக்குள் இருக்க வேண்டும், 20 கிராமுக்குள் இருந்தால் இன்னும் நல்லது. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் 10 சதவீதம், 5 சதவீதம் என்ற வரம்பைப் போட்டு வரும் கணக்கு இது. சாயங்காலம் ஒரு துண்டு கேக் சாப்பிட்டால் அந்த 20 தாண்டிவிடுகிறது, காலையில் பாலில் கலக்கும் பவுடரை இன்னும் சேர்க்கவே இல்லை.

நான் பெங்களூரில் அல்சூர் பக்கம் உணவு ஆலோசகராக இருக்கிறேன். வருபவர்களில் தமிழ்க் குடும்பங்கள் நிறைய. பிள்ளைக்கு எடை கூடுகிறது என்று வருபவர்கள் உருளைக்கிழங்கு சிப்ஸ், கூல்டிரிங்க்ஸ் எல்லாவற்றையும் ஒழுங்காகக் கணக்குச் சொல்வார்கள், வீட்டில் செய்த கேக்கை மட்டும் சொல்ல மாட்டார்கள். மறைப்பதில்லை, அது கணக்கில் வரும் என்றே அவர்களுக்குத் தோன்றுவதில்லை. பேரனைக் கூட்டிவந்த ஒரு பாட்டி, "கடையில வாங்குனது இல்லம்மா, மருமக கையால செஞ்சது, நீங்களும் ஒரு வாய் சாப்பிடுங்க" என்று எவர்சில்வர் டப்பாவைத் திறந்தார். ஒரு துண்டை மேஜையில் இருந்த தராசில் வைத்தேன். 95 கிராம். "ரெண்டு சாப்பிடுவான்" என்றார் பாட்டி. பையன் டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கேக் செய்யாதீர்கள் என்று நான் சொல்லவே மாட்டேன். கடை கேக்கில் என்ன எவ்வளவு இருக்கிறது என்பது உங்கள் கையில் இல்லை, வீட்டு கேக்கில் ஒவ்வொரு கிராமும் உங்கள் கையில் இருக்கிறது. அந்த வசதியைப் பயன்படுத்தாமல் விடுவதுதான் எனக்கு வருத்தம். சமையலறைத் தராசு ஒன்று வாங்கி வையுங்கள், பெரிய செலவில்லை.

நான் சொல்லும் அளவு: மைதா 180 கிராம், சர்க்கரை 120, தயிர் 240, எண்ணெய் 90 மில்லி, சிப்ஸ் 80 கிராம், சமையல் சோடா அரை டீஸ்பூன், பேக்கிங் பவுடர் ஒரு டீஸ்பூன், ஒரு சிட்டிகை உப்பு, வெனிலா. பதினாறு துண்டு போடுங்கள். ஒரு துண்டில் சர்க்கரை 10 கிராம்தான் வரும். சிப்ஸ் வாயில் பட்டுக்கொண்டே இருப்பதால் இனிப்பு குறைந்தது பிள்ளைகளுக்குப் பெரிதாகத் தெரியாது, மறுநாள் கொஞ்சம் வறண்டிருக்கும், அவ்வளவுதான். சிப்ஸ் அடியில் போய் உட்காராமல் இருக்க மாவு கெட்டியாக இருக்க வேண்டும், தயிர் தண்ணியாக இருந்தால் வடித்துவிட்டு அளந்து போடுங்கள். 180 டிகிரியில் அரை மணி நேரம் போல ஆகும், நடுவில் குச்சியால் குத்திப் பாருங்கள். அப்புறம் ஒன்று, பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேலே இருப்பதால் கேக் இங்கே கொஞ்சம் வேகமாக எழும்பும். சென்னையில் அக்கா சொன்ன அளவிலேயே போட்டு நடுவில் அமுங்கிப்போனால் பேக்கிங் பவுடரை ஒரு சிட்டிகை குறைத்துப் பாருங்கள்.

இப்போது சாக்லேட் சிப்ஸ் பாக்கெட்டுக்கு வருவோம். முன்பக்கம் பார்க்க வேண்டியதே இல்லை, திருப்புங்கள். மூலப்பொருள்களை எடை அதிகமானதிலிருந்து குறைவானது என்ற வரிசையில்தான் அச்சிட வேண்டும் என்பது விதி. முதலில் சர்க்கரை, அடுத்து ஹைட்ரஜனேற்றிய தாவரக் கொழுப்பு, அதற்கப்புறம்தான் கோகோ என்று இருந்தால் அது காம்பவுண்ட். கோகோவின் சொந்தக் கொழுப்பான கோகோ பட்டருக்குப் பதில் மலிவான கொழுப்பு போட்டது. 2022 ஜனவரியிலிருந்து எண்ணெய், கொழுப்புகளில் டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் வரம்பு வைத்திருக்கிறது, அது நல்ல விஷயம், ஆனால் காம்பவுண்டில் பெரும்பாலும் போடும் பாம் கெர்னல் கொழுப்பில் நிறைவுற்ற கொழுப்பு மிக அதிகம், அதற்கு இந்த வரம்பு ஒன்றும் செய்யாது. கோகோ மாஸ், கோகோ பட்டர் என்று போட்ட டார்க் சிப்ஸ் விலை கூடத்தான். 170 கிராம் போடும் இடத்தில் 80 போடும்போது அந்தச் செலவு கட்டுப்படியாகும். பெயரோ பட்டியலோ இல்லாமல் வெறும் கவரில் கட்டி விற்பதை வாங்கவே வாங்காதீர்கள்.

"நாட்டுச்சர்க்கரை போட்டுத்தான் செய்யறேன்" என்பதையும் அடிக்கடி கேட்கிறேன். ரத்தத்தில் சர்க்கரை ஏறுவதில் வெள்ளைச் சர்க்கரைக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. கலோரியும் ஏறக்குறைய அதேதான். 120 கிராம் என்றால் எதுவாக இருந்தாலும் 120 கிராம். கோதுமை மாவுக்கு மாற்றினால் நார்ச்சத்து கொஞ்சம் கூடும், மாற்றுங்கள், ஆனால் அதற்காக ஒரு துண்டு கூடக் கொடுக்காதீர்கள். நன்றாகக் கனிந்த ஏலக்கி வாழைப்பழம் இரண்டை மசித்துச் சேர்த்தால் சர்க்கரையை இன்னும் 30 கிராம் குறைக்கலாம், இது எனக்குப் பிடித்த வழி. இரண்டு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்குச் சர்க்கரை சேர்த்த எதுவுமே வேண்டாம், ஆசைக்கு ஒரு கடி என்று கூட.

சி.பி.எஸ்.இ. 2025 மே மாதம் பள்ளிகளில் சர்க்கரைப் பலகை வைக்கச் சொன்னது. எந்தப் பண்டத்தில் எவ்வளவு சர்க்கரை என்று பிள்ளைகளுக்குக் காட்ட. இதைப் பார்த்து வந்த பிள்ளைகள் வீட்டில் கேள்வி கேட்கிறார்கள். கேட்கட்டும். அவர்களையே தராசைப் பார்க்கச் சொல்லுங்கள், துண்டு போடும் வேலையையும் கொடுங்கள். வேகாத மாவை நக்க மட்டும் விடாதீர்கள், முட்டை போடாவிட்டாலும் பச்சை மைதாவில் கிருமி இருக்கலாம்.

எடை போடும் பழக்கம் ரொம்பவும் கைகொடுப்பது டைப் 1 நீரிழிவு உள்ள பிள்ளைகளின் வீட்டில். கேக்கே கூடாது என்று ஒதுக்கி வைத்திருப்பார்கள், பிறந்தநாளுக்குக்கூட அந்தப் பிள்ளை பார்த்துக்கொண்டு நிற்கும். மேலே சொன்ன அளவில் வாழைப்பழம் இல்லாமல் செய்தால் மொத்த கார்போஹைட்ரேட் (சர்க்கரையும் மாவுச்சத்தும் சேர்த்து) ஏறக்குறைய 315 கிராம், பதினாறில் ஒரு துண்டுக்கு 20 கிராம். துண்டுகள் ஒரே எடையில் இருக்க வேண்டும், அதனால் ஒவ்வொன்றையும் நிறுத்துப் பாருங்கள். அந்த 20-ஐ டாக்டரிடம் காட்டி, எத்தனை கிராமுக்கு எத்தனை யூனிட் இன்சுலின் என்று உங்கள் பிள்ளைக்கு அவர் கொடுத்திருக்கும் கணக்கில் எப்படிச் சேர்ப்பது என்று கேட்டுக்கொண்டால், அந்தப் பிள்ளையும் மற்றவர்களோடு உட்கார்ந்து ஒரு துண்டு சாப்பிடலாம்.