லாசிக்ஸ் ஊசியும் ஒரு துண்டு கருவாடும்

கால் வீங்கி, படுத்தால் மூச்சு முட்டி, ராத்திரி முழுக்கத் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்தே கழிக்கிற இதய நோயாளிக்கு, ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜ் ஆனாலும் சரி, மார்த்தாண்டத்தில் ஒரு சின்ன நர்சிங் ஹோம் ஆனாலும் சரி, முதலில் ஏறுகிற மருந்துகளில் ஒன்று லாசிக்ஸ் ஊசி. மருந்தின் பெயர் ஃப்யூரோசெமைடு. ஈரல் கெட்டு வயிற்றில் நீர் கோர்த்தவர்களுக்கும், சிறுநீரகக் கோளாறில் உடம்பு ஊதியவர்களுக்கும்கூட இதைப் போடுவார்கள். "நீர் போற ஊசி" என்று சொல்லித்தான் பழக்கம். உண்மையில் இது துரத்துவது உப்பை. தண்ணீர் அதன் பின்னாலேயே போகிறது, அவ்வளவுதான்.

நம் சிறுநீரகங்கள் ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் திரவத்தை ரத்தத்திலிருந்து வடிகட்டி, அதில் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் திரும்ப எடுத்துக்கொண்டு, ஒன்றிரண்டு லிட்டரை மட்டும் வெளியே விடுகின்றன. வடிகட்டிய சோடியத்தில் ஏறக்குறைய கால் பங்கைத் திரும்ப எடுப்பது, சிறுநீரகத்துக்குள் இருக்கும் நுண்ணிய குழாய்களில் ஹென்லே வளைவு என்ற பகுதி. அங்கே குழாயின் உட்சுவரில் இருக்கும் ஒரு புரதம் ஒரு சோடியம், ஒரு பொட்டாசியம், இரண்டு குளோரைடு என்று சேர்த்து அள்ளி உடம்புக்குத் திருப்பித் தரும். லாசிக்ஸ் போய் அந்தப் புரதத்தை அடைத்துவிடும். அள்ள ஆளில்லாத உப்பு குழாயிலேயே கிடக்கும், தண்ணீரையும் போக விடாமல் பிடித்து வைத்துக்கொண்டு சிறுநீராக இறங்கும். குளச்சலில் மீனை உப்பில் புரட்டி வைத்தால் கொஞ்ச நேரத்தில் தண்ணீர் விட்டு நிற்குமே, உப்பு இருக்கிற பக்கம் தண்ணீர் போகும் என்ற அதே சங்கதிதான்.

இந்த மருந்து குழாயின் உள்ளே இருந்துதான் வேலை செய்யும். ரத்தத்தில் ஆல்புமின் என்ற புரதத்தோடு ஒட்டிக்கொண்டு சுற்றுவதால் சும்மா வடிகட்டி உள்ளே வராது, சிறுநீரகச் செல்கள் பிடித்துக் குழாய்க்குள் தள்ள வேண்டும். சிறுநீரகம் தளர்ந்தவருக்கு அந்தத் தள்ளுதல் குறைவு, அதனால் அளவு கூடும். பக்கத்து கட்டில்காரருக்கு 20 மில்லிகிராம், நமக்கு மட்டும் 80 ஏன் என்று பயப்படுவதற்கு முன்னால் இதை நினைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் 40 மாத்திரை போட்டவருக்கு ஆஸ்பத்திரியில் 20 ஊசி போடுவதும் கஞ்சத்தனம் இல்லை. மாத்திரையில் பாதி அளவுதான் சராசரியாக ரத்தத்தில் சேரும், அதுவும் ஆளுக்கு ஆள், நாளுக்கு நாள் மாறும். குடலும் நீர் வைத்து வீங்கியிருந்தால் அது சேரவே நேரமாகும்.

நரம்பில் போட்டால் அஞ்சு நிமிஷத்தில் வேலை தொடங்கி, அரை மணி நேரத்தில் உச்சத்துக்குப் போய், ரெண்டு மணி நேரத்தில் அடங்கிவிடும். எனவே ஊசிக்கு முன்பே சிறுநீர் பாட்டிலோ பெட்பானோ கட்டில் பக்கத்தில் இருக்கட்டும். வயசான ஆள் அவசரமாக எழுந்து பாத்ரூமுக்கு ஓடும்போதுதான், ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கித் தலைசுற்றி விழுவார். முதலில் உட்கார்ந்து, கொஞ்சம் பொறுத்து, அப்புறம் எழுந்திருக்க வேண்டும்.

சிஸ்டர் மெதுவாகப் போடுகிறாரே என்று அலுத்துக்கொள்ள வேண்டாம். சிறுநீரகத்தில் லாசிக்ஸ் அடைக்கிற புரதத்தின் குடும்பத்தைச் சேர்ந்த இன்னொன்று உட்காதிலும் இருக்கிறது. வேகமாகவோ அதிக அளவிலோ ஏற்றினால் காதில் இரைச்சல் வரலாம், கேட்பது மந்தமாகலாம். அதனால்தான் 20, 40 மில்லிகிராமுக்கே ஒன்றிரண்டு நிமிஷம் எடுப்பார்கள், பெரிய அளவுகளை டிரிப்பில் நிமிஷத்துக்கு 4 மில்லிகிராமுக்கு மேல் போகாமல் விடுவார்கள். கூடவே ஜென்டாமைசின், அமிகாசின் போன்ற கிருமிக்கொல்லி ஊசிகளும் ஓடினால் ஆபத்து கூடும். காதில் 'ங்ங்' என்று கேட்டால் அப்போதே சொல்லிவிடுங்கள். சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாத ஆள் என்றால் அதை ஊசிக்கு முன்பே சொல்ல வேண்டும்.

உப்போடு பொட்டாசியமும் மக்னீசியமும் போகும். கெண்டைக்கால் இழுப்பு, அசதி, நெஞ்சுப் படபடப்பு வந்தால் அதுவாக இருக்கலாம், டிகாக்சின் என்ற இதய மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இது ரொம்ப முக்கியம். உடனே யாராவது "இளநீர் குடி, ஏத்தம்பழம் தின்னு" என்று ஆரம்பிப்பார்கள். சிறுநீரகம் பழுதானவர்களுக்கும், பொட்டாசியத்தைப் போக விடாமல் பிடித்து வைக்கிற ஸ்பைரோனோலாக்டோன் மாத்திரை போடுகிறவர்களுக்கும் பொட்டாசியம் ஏற்கெனவே ஏறியிருக்கலாம், அது கூடினால் இதயத் துடிப்பே தடுமாறும். ரத்தப் பரிசோதனை முடிவு வரட்டும், டாக்டர் சொல்லட்டும்.

இனி கருவாடு. மருந்து அடங்கியதும் சிறுநீரகம் சும்மா இருக்காது. போன உப்பை ஈடுகட்ட, கிடைக்கிற சோடியத்தையெல்லாம் இறுக்கிப் பிடிக்கும். அந்த நேரத்தில் ஒரு துண்டு கருவாட்டையும் ஊறுகாயையும் தொட்டுக் கஞ்சி குடித்தால், காலையில் போன நீரை சாயங்காலம் திரும்பக் கூப்பிடுகிறோம் என்று அர்த்தம். "ஊசி போட்டும் நீர் வத்தலியே" என்ற புலம்பலில் ஒரு பகுதி இந்தக் கஞ்சித் தட்டிலிருந்து வருவது. மரச்சீனி அவிக்கும்போது போடுகிற உப்பும் கணக்கில் சேரும்.

வீட்டுக்கு வந்தபின் தினமும் காலையில் சிறுநீர் கழித்துவிட்டு, சாப்பிடும் முன், ஒரே எடை மெஷினில் எடை பாருங்கள். ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ. மூன்று நாளில் ரெண்டு கிலோவுக்கு மேல் ஏறினால் கால் வீங்கும்வரை காத்திருக்காமல் டாக்டரைக் கூப்பிட வேண்டும். அப்புறம், முட்டுவலிக்கு மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்குகிற டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் மாத்திரைகள் லாசிக்ஸின் வேகத்தைக் குறைத்து, சிறுநீரகத்தையும் கெடுக்கும், வலி மாத்திரை எது போட்டாலும் அதன் அட்டையை அடுத்த தடவை டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.