பல்பு போட்டுக் கொடுத்தாலும் அது கரண்டுதான்

காங்கயம், தாராபுரம் வட்டாரத்தில் கால்நடை மருத்துவம் பார்க்கிறேன். இந்த வாரம் மறுபடியும் ஒரு மாட்டைக் காட்டோரத்திலேயே வைத்துப் பிரேதப் பரிசோதனை செய்ய வேண்டி வந்தது. நல்ல சினை மாடு. மக்காச்சோளக் காட்டைச் சுற்றி இழுத்துக் கரண்டு கொடுத்திருந்த கட்டுக்கம்பியில் முன்னங்கால் பட்டிருக்கிறது. கடித்த சோளத்தட்டு வாயில் அப்படியே இருந்தது, மெல்லக்கூட நேரமில்லை. மாட்டுக்காரரும் காட்டுக்காரரும் ஒரே ஊர், இருவருக்கும் இரண்டு மூன்று ஏக்கருக்கு மேல் கிடையாது. காட்டுக்காரர் என்னிடம் சொன்னதைத்தான் இந்தப் பக்கத்தில் எல்லோரும் சொல்கிறார்கள்: "பல்பு போட்டுத்தானுங்க சார் லைன் குடுத்தேன். சும்மா ஷாக் மட்டுந்தான் அடிக்கும்னாங்க."

இந்தப் பல்புக் கதையை முதலில் முடித்துவிடுகிறேன். மோட்டார் ரூமிலிருந்து வரும் லைனில் நடுவில் ஒரு குண்டு பல்பைச் சீரியலாகப் போட்டுவிட்டால் கரண்டு குறைந்து போகும், மாட்டுக்குச் சுளீர் என்று ஒரு அடி மட்டும் விழும், உயிருக்கு ஆபத்தில்லை என்று ஊர் ஊராக நம்புகிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 230 வோல்ட்டில் எரியும் 100 வாட் பல்பு தன் வழியாக விடும் கரண்டு 0.4 ஆம்பியருக்குக் கொஞ்சம் மேல். மனிதனின் இதயத் துடிப்பைக் குலைத்துக் கொல்ல 0.1 ஆம்பியர் ஒன்றிரண்டு நொடி பாய்ந்தாலே போதும். அந்தப் பல்பு தடுப்பது உங்கள் வீட்டு ஃபியூஸ் போவதை மட்டும்தான். ஃபியூஸ் போனாலாவது லைன் நின்று தொலையும், பல்பு இருப்பதால் அது நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கிறது. சின்ன பல்பு போட்டால் சரியாகிவிடுமா என்று கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். ஆகாது. வீட்டுக் கரண்டு விட்டு விட்டு வருவதில்லை, தொடர்ந்து பாய்கிறது. தசை இறுகிப் போகும், பிடித்த கை விடாது, மாடாக இருந்தால் விழுந்த இடத்திலேயே கம்பி மேல் கிடக்கும். மாட்டுக்கு இன்னொரு கேடும் உண்டு. முன்னங்காலுக்கும் பின்னங்காலுக்கும் நடுவே உள்ள தூரம் அதிகம், அந்த வழியில்தான் இதயம் இருக்கிறது. பனி இறங்கிய காடு, ஈரக் குளம்பு, செருப்பும் கிடையாது.

"அப்போ சோலார் வேலி மட்டும் எப்படிங்க சார், அதுல ஆயிரக்கணக்குல வோல்ட்னு சொல்றாங்களே" என்பது அடுத்த கேள்வி. ஆமாம், 5,000 வோல்ட்டுக்கு மேல்கூட வரும். ஆனால் அதற்கென்று செய்த எனர்ஜைசர் பெட்டி அந்த மின்சாரத்தை நொடிக்கு ஒரு முறை, கண் இமைப்பதைவிடப் பல மடங்கு குறைந்த நேரத்துக்குத் துடிப்பாகத்தான் அனுப்பும். அடுத்த துடிப்பு வருவதற்குள் மாடு மூக்கை இழுத்துக்கொண்டு ஓடிவிடும். ஒரு தடவை மூக்கில் வாங்கிய மாடு அந்தக் கம்பியை மறக்காது, அதனால்தான் அது வேலை செய்கிறது. கொல்வது வோல்ட்டின் எண் இல்லை, உடம்பில் எவ்வளவு கரண்டு எவ்வளவு நேரம் ஓடுகிறது என்பதுதான். எனர்ஜைசர் இல்லாமல் லைனை நேராகக் கம்பியில் கொடுப்பது வேலி அல்ல, கண்ணி.

கண்ணி என்றால் அது ஆள் பார்க்காது. 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஹள்ளி பக்கம் இப்படி ஒரு வயலில் இழுத்த கம்பியில் மூன்று யானைகள் செத்தன. யானைக்கே அந்தக் கதி. ராத்திரி தண்ணீர் கட்டப் போன வீட்டுக்காரரே தன் கம்பியில் சிக்கிச் செத்த செய்திகளை நாம் எல்லோரும் படித்திருக்கிறோம்.

மாடு மேய்க்கிறவர்களிடமும் எனக்குக் கோபம் உண்டு. அவிழ்த்துவிட்ட மாடுகளை 'அநாதை மாடு' என்கிறார்கள், முக்கால்வாசி மாட்டுக்கு ஆள் இருக்கிறது. காலையில் பால் கறந்துவிட்டு விரட்டிவிடுவது, சாயங்காலம் தானாக வந்துவிடும் என்பது. பால் வற்றியது, விலை போகாத ஜெர்சிக் காளைக் கன்று, இவற்றை அப்படியே விட்டுவிடுவது. காதில் மஞ்சள் தோடு, அதில் 12 இலக்க எண். அந்த எண்ணைக் கொண்டு கால்நடை மருந்தகத்தில் உரிமையாளரைக் கண்டுபிடித்துவிடலாம். தோட்டைக் கழற்றி வீசிவிட்டு அவிழ்த்துவிடுகிறவர்களையும் பார்க்கிறேன். காளைக் கன்று வேண்டாம் என்றால் கிடேரிக் கன்றே பெரும்பாலும் பிறக்கும் பாலினம் பிரித்த சினை ஊசி இருக்கிறது, கேட்டு வாங்கிப் போடுங்கள்.

காட்டுக்காரர்களின் வலி எனக்குத் தெரியாமல் இல்லை. ஒரு ராத்திரியில் ஐந்தாறு மாடு புகுந்தால் ஒரு போகமே போய்விடும். கொதிக்கிற தண்ணீர் ஊற்றிய மாடு, அரிவாளால் பின்னங்கால் நரம்பை வெட்டிய மாடு, புண்ணில் புழு வைத்துத் திரிகிற மாடு எல்லாம் எங்களிடம்தான் வருகின்றன. மாட்டைக் கொன்றாலோ முடமாக்கினாலோ பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-ஆம் பிரிவில் ஐந்து ஆண்டு வரை சிறை. மோட்டாருக்கு என்று வாங்கிய இணைப்பில் வேலிக்கு லைன் எடுப்பது மின்திருட்டு. ஆள் செத்தால் வழக்கு எங்கே போகும் என்று உங்களுக்கே தெரியும்.

அப்புறம் என்னதான் செய்வது?

பிடித்துக் கட்டலாம், அதற்குச் சட்டமே இருக்கிறது. 1871-ஆம் ஆண்டு கால்நடை அத்துமீறல் சட்டப்படி பயிரை மேய்கிற மாட்டைப் பிடித்து 24 மணி நேரத்துக்குள் பவுண்டில், அதாவது பிடிபட்ட மாடுகளை அடைக்கும் பட்டியில், ஒப்படைக்கலாம். உங்கள் ஊரில் பவுண்டு பாழடைந்து கிடந்தால் ஊராட்சியிலும் வி.ஏ.ஓ.விடமும் எழுதிக் கொடுங்கள், சேதத்தைத் தேதி தெரிகிற மாதிரி போட்டோ எடுத்து வையுங்கள். பிடித்த மாட்டை உங்கள் மாட்டோடு ஒரே கட்டுத்தறியில் கட்டாதீர்கள், ஒரே தொட்டியில் தண்ணீர் காட்டாதீர்கள். கோமாரி எந்த மாட்டோடு வருகிறது என்று வெளியே தெரியாது.

இன்னொன்று, இதை யாரும் யோசிப்பதில்லை. முற்றிய மக்காச்சோளமோ கம்போ வயிறு முட்டத் தின்ற மாடு அந்த நேரம் நன்றாகத்தான் நிற்கும். வயிற்றில் புளிப்பேறி மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ படுத்துவிடும். ஆகவே விரட்டியதும் உரிமையாளருக்குச் சொல்லிவிடுங்கள், சண்டை இருந்தாலும் சொல்லுங்கள். சொல்லவில்லை என்றால் நீங்கள் விஷம் வைத்ததாகத்தான் ஊர் பேசும். விரட்டும்போது பைக்கில் துரத்தித் தார்ரோட்டுக்கு ஓட்டாதீர்கள். வேலியில் ஒரு பக்கம் திறந்துவிட்டு, பின்பக்கவாட்டில் நின்று மெதுவாக நடத்துங்கள், தானாகப் போகும்.

வேலிக்கு வருகிறேன். நம் கொறங்காடுகளை, அதாவது மேய்ச்சல் காடுகளைச் சுற்றி முள்கிளுவைச் செடியை உயிர்வேலியாக வைத்தார்களே, தலைமுறை தலைமுறையாக மாடு தாண்டாமல் நின்றதே, அதைப் பிடுங்கிவிட்டுக் கம்பி போட்டதே நாம்தான். மழைக்கு முன் போத்து (கிளைக் குச்சி) வெட்டி நெருக்கமாக நட்டால் மறுபடியும் வரும். அது வளரும் வரை ஓரத்து வரிசைகளில் சாணிக் கரைசல் தெளியுங்கள். சாணி பட்ட தீனியை மாடு ஒதுக்கும், ஆனால் மழை பெய்தால் மறுபடி தெளிக்க வேண்டும். சோலார் வேலிதான் வேண்டும் என்றால் முத்திரை உள்ள எனர்ஜைசர் வாங்குங்கள், மானியம் உண்டா என்று வேளாண் பொறியியல் துறையில் கேளுங்கள். காட்டு விலங்கு வருகிற பகுதியாக இருந்தால் வனத்துறையிடமும் கேட்டுவிட்டுப் போடுங்கள். எர்த் கம்பியை ஆழமாக அடியுங்கள், நம் செம்மண் கோடையில் காய்ந்துவிட்டால் அடி குறைந்துவிடும். கம்பியில் புல் உரசாமல் பாருங்கள், எச்சரிக்கைப் பலகை கட்டாயம்.

கம்பியில் மாடு விழுந்து கிடப்பதைப் பார்த்தால் ஓடிப்போய்த் தொடாதீர்கள், தயவு செய்து. மெயினை அணையுங்கள், பிறகு கிட்டே போங்கள். உயிர் இருந்தால் கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962-க்கு அழையுங்கள். செத்திருந்தால் நாங்கள் வரும் வரை அறுக்கவோ புதைக்கவோ வேண்டாம். திடீரென்று மாடு செத்ததற்குக் காரணம் அடைப்பானாகவும் (மனிதருக்கும் தொற்றும் ஆந்த்ராக்ஸ் நோய்) இருக்கலாம், ரத்தம் எடுத்துப் பார்க்காமல் நாங்களே கத்தி வைப்பதில்லை.

இப்போது யார் காட்டிலாவது பல்பு போட்ட கம்பி இருக்கிறதா? இருட்டுவதற்குள் மோட்டார் ரூம் ஸ்விட்சை அணைத்துவிட்டு அதைச் சுருட்டி எடுத்துவிடுங்கள். பக்கத்துக் காட்டில் இருந்தால் போய்ச் சொல்லுங்கள் அண்ணா, அவர் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.