இரண்டு முகம், ஒரு சட்டை

கும்பகோணத்தில் மாமா மகனை நான் எடுத்த ஒரு படத்தைப் பார்த்ததும் அத்தை கேட்டது: “பிள்ளைக்கு என்னடா குறை? ஏன் இப்படித் தவிக்கிறான்?”

ஒரே கழுத்தின் மேல் இரண்டு முகங்கள். ஒன்று நேரே பார்க்கிறது. இன்னொன்று கண்ணை மூடிப் பக்கவாட்டில் திரும்பியிருக்கிறது. நடுவில் கன்னமும் வாயும் கரைந்து கிடக்கின்றன. கனவில் வருவதுபோல் நிஜத்தைக் குலைத்துக் காட்டும் இதைச் சர்ரியலிசப் பாணி என்பார்கள். அவனுக்கு ஒரு குறையும் இல்லை. காதோரம் கொசு பாடிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

எடுத்த விதம் எளிது. இரவில் கூடத்து விளக்கை அணைத்து, பின்னால் கறுப்புப் போர்வை, பக்கத்தில் ஒரு மேசை விளக்கு. சாதாரணப் படத்துக்கு 1/125 விநாடி போதும். இதற்கு, கேமராவுக்குள் ஒளியை விடும் ஷட்டரை 4 விநாடி திறந்து வைத்தேன். உண்டியலில் காசு சேர்வதுபோல, படம் பதியும் சென்சாரில் ஒளி சேர்ந்துகொண்டே போகும். ஒன்றரை விநாடி நேரே பார்த்தான், ஒரு விநாடியில் மெல்லத் திரும்பினான், மீதி நேரம் அப்படியே இருந்தான். நின்ற இடங்களில் முகம் கெட்டியாகப் பதிந்தது. கடந்துபோன இடத்தில் புகைமாதிரி. பின்னால் வெள்ளைச் சுவர் இருந்திருந்தால் அதன் ஒளியும் மேலே சேர்ந்து இரண்டு முகமும் வெளுத்திருக்கும்.

ஆனால் படத்தின் சூட்சுமம் முகத்தில் இல்லை, சட்டையில் இருக்கிறது. தோள் அசையாதபடி நாற்காலியில் சாய்த்து உட்கார வைத்திருந்தேன். பொத்தான் நூல்கூடத் தெளிவாகத் தெரியும். எல்லாமே கலங்கியிருந்தால் ‘ஷேக் ஆயிடுச்சு’ என்று தள்ளியிருப்போம். சட்டை துல்லியமாக இருப்பதால் கேமராமேல் பழி போட வழியில்லை. கலக்கம் ஆளுடையது என்று மனம் முடிவுகட்டிவிடுகிறது.

முகம் என்றாலே மூளைக்குத் தனிக் கவனம். முகங்களைப் பார்க்கும்போது கூடுதலாக இயங்கும் ஒரு பகுதி மூளையின் அடிப்பக்கத்தில் இருப்பதை மூளை ஆய்வாளர் நான்சி கன்விஷரின் குழு 1997இல் விவரித்தது. கண், மூக்கு, வாய் எனத் தனித்தனியாகப் படிக்காமல், அவற்றின் அமைப்பை மொத்தமாகப் படிக்கிறோம். 1980இல் உளவியலாளர் பீட்டர் தாம்சன் ஒரு முகப்படத்தில் கண்களையும் வாயையும் மட்டும் வெட்டித் தலைகீழாக ஒட்டினார். நேராக வைத்தால் கோரம். முழுப் படத்தையும் தலைகீழாக்கினால் பெரிதாக ஒன்றும் உறுத்தாது! அந்தப் பழக்கப்பட்ட வாசிப்பு தலைகீழ் முகத்தில் சரியாக ஓடுவதில்லை. நானும் மாமா மகன் படத்தை ஃபோனில் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தேன் (ஆட்டோ ரொட்டேட்டை அணைக்காமல் இரண்டு தடவை ஏமாந்தபிறகு). கலக்கம் பாதி போய்விட்டது.

தாராசுரம் ஐராவதேசுவரர் கோயிலில் காளையும் யானையும் ஒரே தலையைப் பகிர்ந்துகொள்ளும் 12ஆம் நூற்றாண்டுச் சிற்பம் உண்டு. காளையின் உடலைக் கையால் மறைத்தால் யானை; யானையின் உடலை மறைத்தால் காளை. கையை எடுத்தால் மாறி மாறித் தெரியும். அதைப் பார்த்து யாரும் தவிப்பதில்லை, ரசிக்கிறோம். அந்த ஒரு தலை இரண்டு உடலுக்கும் கச்சிதமாகப் பொருந்துகிறது. மாமா மகன் படத்தில் எதுவும் பொருந்தவில்லை. எந்த முகத்தைப் பிடித்துக்கொள்வது என்று தெரியாமல் நம் கண் அலைகிறது. அந்த அலைச்சலைத்தான் அவன் தலையில் கட்டுகிறோம் என்று எனக்குத் தோன்றுகிறது.

அத்தையிடம் சோதித்தேன். நேர் முகத்தைக் கட்டை விரலால் மறைத்தேன்.

“தூங்குறான்.”

மற்றதை மறைத்தேன்.

“நல்லாத்தானே இருக்கான்.”

விரலை எடுத்தேன்.

“அய்யய்யோ, மூடுடா அதை.”