ஒரு வளாகத்தின் உமிழ்வை எப்படிக் கணக்கிடுகிறார்கள்?

மலேசியாவின் கெடா மாநிலத்தில், ஜெராய் மலைக்கு அருகே, ரப்பரும் செம்பனையும் சூழ்ந்த தோட்ட நகரம் பீடோங். 2001இல் தொடங்கப்பட்ட ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகத்தின் வளாகம் இந்நகரை அடுத்துத்தான் உள்ளது. இத்தகைய ஒரு வளாகம் ஓராண்டில் வெளியிடும் பசுமை இல்ல வாயுவை எந்தக் கருவியும் நேரடியாக அளந்து சொல்வதில்லை. எரிபொருள் ரசீது, மின் கட்டணப் பட்டியல், பழுதுபார்ப்புப் பதிவேடு, பயணக் கணக்கெடுப்பு ஆகியவற்றில் உள்ள அளவுகளை, ஒவ்வொன்றுக்கும் உரிய உமிழ்வுக் காரணியால், அதாவது ஓர் அலகுக்கு எழும் வாயுவின் அளவால், பெருக்கியே கணக்கு உருவாகிறது.

அந்தக் காரணிகள் வேதியியலிலிருந்து வருகின்றன. சுமார் 0.84 கிலோ எடையுள்ள ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் 2.6 கிலோவுக்கும் அதிகமான கரியமில வாயு பிறக்கிறது. ஏனெனில் 12 அலகு நிறையுள்ள ஒவ்வொரு கார்பன் அணுவும் காற்றிலிருந்து இரண்டு ஆக்சிஜன் அணுக்களைச் சேர்த்துக்கொண்டு 44 அலகாகிறது. மற்ற வாயுக்களையும் இதே அளவுகோலுக்குள் கொண்டுவர வேண்டும். தோட்டத்தில் பால்மரம் வெட்டுபவர் கொண்டுவரும் பாலை, அதிலுள்ள உலர் ரப்பரின் அளவைக் கொண்டு மதிப்பிடுவதுபோல, மீத்தேனும் நைட்ரஸ் ஆக்சைடும் கரியமில வாயுவுக்கு நிகரான எடையாக மாற்றப்படுகின்றன. நூறு ஆண்டுக் கணக்கில், வெப்பத்தைப் பிடித்துவைப்பதில் கரியமில வாயுவைப்போல் மீத்தேன் சுமார் 28 மடங்கும், நைட்ரஸ் ஆக்சைடு சுமார் 270 மடங்கும் வலிமை கொண்டவை.

எவற்றைச் சேர்ப்பது என்பதற்கு, நிறுவனங்கள் தம் உமிழ்வைக் கணக்கிடுவதற்கான பன்னாட்டு விதித்தொகுப்பாகிய, 2001இல் முதற்பதிப்பு வெளியான பசுமை இல்ல வாயு நெறிமுறை வழிகாட்டுகிறது. நிறுவனத்துக்குச் சொந்தமான அல்லது அதன் கட்டுப்பாட்டில் உள்ளவற்றிலிருந்து நேரடியாக எழுபவை முதல் பிரிவு. வாங்கும் மின்சாரத்துக்கு உரியவை இரண்டாம் பிரிவு. ஏனைய மறைமுக உமிழ்வுகள் மூன்றாம் பிரிவு.

முதல் பிரிவில் மின்னாக்கிக்கும் பேருந்துக்கும் ஊற்றும் டீசல், சமையலறை எரிவாயு ஆகியவை எளிதில் கணக்கில் வந்துவிடும். ஒரு 14 கிலோ எரிவாயுத் தோம்பு முழுவதும் எரிந்தால் ஏறக்குறைய 42 கிலோ கரியமில வாயு. பேருந்து டீசலில் மட்டும் ஒரு நுட்பம் உண்டு. மலேசியாவில் 2019 முதல் போக்குவரத்து டீசலில் 10 விழுக்காடு செம்பனை எண்ணெயிலிருந்து பெற்ற பயோடீசல் கலக்கப்படுகிறது. மரம் காற்றிலிருந்து எடுத்த கார்பனே அது எரியும்போது திரும்புவதால், அந்தக் கரியமில வாயுவை இப்பிரிவுகளில் சேர்க்காமல் தனியே அறிவிக்க வேண்டும். ஆனால் அச்செம்பனைக்கு இட்ட உரத்திலிருந்து எழும் நைட்ரஸ் ஆக்சைடும், ஆலைக் கழிவுநீர்க் குளத்திலிருந்து எழும் மீத்தேனும் மறைந்துவிடுவதில்லை. அவை மூன்றாம் பிரிவில் இடம்பெற வேண்டியவை.

எளிதில் விட்டுப்போவது குளிர்சாதன வாயு. ஆர்-410ஏ என்னும் வாயு கரியமில வாயுவைப்போல் ஏறத்தாழ 2,000 மடங்கு வலிமையுடையது. கசிவைக் கண்ணால் காண முடியாது; ஆனால் ஆண்டு முழுதும் பழுதுபார்ப்பவர் எத்தனை கிலோ வாயுவை மீண்டும் நிரப்பினாரோ, அத்தனை கிலோ கசிந்தது என்று கொள்ளலாம். அந்தப் பதிவேட்டை ஒழுங்காக வைத்திருப்பது, விலையுயர்ந்த எந்தக் கருவியை வாங்குவதைவிடவும் பயனுள்ளது என்பேன்.

மின்சாரத்தில் இடம் முக்கியம். நிலக்கரியையும் இயற்கை வாயுவையும் பெரிதும் சார்ந்த தீபகற்ப மலேசியாவில் ஒரு யூனிட்டுக்கு ஏறத்தாழ முக்கால் கிலோ கரியமில வாயு வெளிப்படுகிறது. நீர்மின்சாரம் மிகுந்த சரவாக் மாநிலத்தில் அது சுமார் 0.2 கிலோதான். ஆகவே ஒரே குளிர்சாதனம் ஒரே நேரம் ஓடினாலும், பீடோங்கில் எழும் உமிழ்வில் மூன்றில் ஒரு பங்குகூடச் சரவாக்கின் தலைநகர் கூச்சிங்கில் எழாது.

மூன்றாம் பிரிவில் வாங்கும் பொருட்கள், உணவுக் கழிவு, விமானப் பயணம் எனப் பல உண்டு. தோட்ட நகரத்து வளாகத்துக்கு நான் முதன்மையாகக் கருதுவது அன்றாடப் பயணம். பேருந்து அரிதான இடத்தில் மாணவர்கள் மோட்டார் சைக்கிளையும் காரையும் நம்பியிருக்கிறார்கள். நாளொன்றுக்கு 20 கிலோமீட்டர் வீதம் 200 நாள் பயணம் செய்யும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். லிட்டருக்கு 40 கிலோமீட்டர் ஓடும் மோட்டார் சைக்கிளுக்கு 100 லிட்டர் பெட்ரோல் வேண்டும், லிட்டருக்கு 2.3 கிலோ வீதம் 230 கிலோ உமிழ்வு. லிட்டருக்கு 12 கிலோமீட்டர் ஓடும் காரில் அவர் தனியாக வந்தால் அது சுமார் 770 கிலோவாகும். இந்த விவரங்களைக் கேட்டறிவதைத் தவிர வேறு வழியில்லை. கேள்விக்குப் பதில் தருபவர்களில் விடுதி மாணவர்களே மிகுந்திருந்தால் கணக்கு தாழ்ந்துபோகும் என்பதால், தொலைவிலிருந்து வருபவர்களையும் உரிய விகிதத்தில் கேட்க வேண்டும்.

பெருநிறுவனங்களுக்கான அந்த நெறிமுறை மூன்றாம் பிரிவைக் கட்டாயமாக்கவில்லை. பல்கலைக்கழகங்கள் இச்சலுகையைப் பயன்படுத்தக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. காரில் வந்துபோகும் மாணவர் விடுதிக்கு மாறி ஆண்டுக்கு 1,000 யூனிட்டுக்குக் குறைவாக மின்சாரம் பயன்படுத்தினால், மொத்த உமிழ்வு குறைகிறது. ஆனால் விடுதி மின்சாரம் இரண்டாம் பிரிவிலும் கார்ப் பயணம் மூன்றாம் பிரிவிலும் சேர்வதால், முதல் இரு பிரிவுகளை மட்டும் வெளியிடும் பல்கலைக்கழகத்தின் அறிக்கையில், புதிய விடுதி கட்டிய ஆண்டில் உமிழ்வு கூடியதாகவே பதிவாகும்.