சப்ளை என்றால் வழங்கலா?

போன வாரம் மெய்ப்புப் பார்க்க வந்த அரசு நிர்வாகப் பயிற்சிக் கையேட்டில் மறுபடியும் அதே தொடர்: "நம்பிக்கை மற்றும் வழங்கல் ஒப்பந்தம்". ஆங்கிலத்தில் 'கான்ஃபிடன்ஸ் அண்ட் சப்ளை'. ஓரத்தில் "யார், யாருக்கு, எதை வழங்குகிறார்கள்?" என்று எழுதி அனுப்பினேன். "அகராதியில் சப்ளை என்றால் வழங்கல்தானே" என்று பதில் வந்தது.

அகராதியில் இருக்கிறது, சரி. 'கான்ஃபிடன்ஸ் அண்ட் சப்ளை' என்பதில் வரும் சப்ளை வேறு. 'குறையை நிரப்பு' என்ற லத்தீன் வேரிலிருந்து வந்தது. மன்னர் கஜானாவில் துண்டு விழுந்தால் நாடாளுமன்றம் இசைந்து தரும் பணம். பெரும்பான்மை இல்லாத அரசு நம்பிக்கை வாக்கெடுப்பில் தோற்கக் கூடாது, செலவுக்கும் அவை ஒப்ப வேண்டும். இந்த இரண்டுக்கும் கைதூக்குகிறோம், மற்றதை அப்போதைக்கப்போது பார்க்கலாம் என்று ஆட்சியில் சேராத கட்சி எழுதிக்கொடுப்பதுதான் இந்த உடன்பாடு.

வழங்கல் என்றதும் குடிமைப் பொருள் வழங்கல்தான் நினைவுக்கு வரும்: அரசு மக்களுக்குக் கொடுப்பது. இங்கே நடப்பதோ நேர் எதிர், அவை அரசுக்குக் கொடுக்கிறது. 2017இல் பிரிட்டனின் கன்சர்வேடிவ் அரசு வட அயர்லாந்துக் கட்சியான டி.யு.பி.யின் 10 உறுப்பினர்களை நம்பி இப்படி உடன்பாடு செய்தபோது, வட அயர்லாந்துக்கு 100 கோடி பவுண்டு கூடுதல் நிதி என்றார்கள். ஓகோ, வழங்கல் இதுதான் போலும் என்று வாசகர் நினைத்தால் தப்பு அவர்மேல் இல்லை.

'மானியம்' என்பார்கள் சிலர். மானியக் கோரிக்கை சட்டமன்ற வழக்கு, பொருளும் சரி. ஆனால் அவைக்கு வெளியே மானியம் என்றால் விலைச் சலுகை. 'வெளியிலிருந்து ஆதரவு' நாவுக்குப் பழகியதுதான். எதற்கு ஆதரவு, எதற்கு இல்லை என்பது அதில் இல்லை. அதிகாரிக்கு வேண்டியதே அந்த எல்லைதான். நியூசிலாந்தில் அமைச்சரவைக் குறிப்பு மேலே போகுமுன் ஆதரவுக் கட்சிகளோடு கலந்துபேசியாயிற்றா என்று பார்ப்பார்கள். பட்ஜெட்டுக்கு வாக்கு உறுதி. மற்ற மசோதாவுக்கு ஒவ்வொரு முறையும் தலையெண்ண வேண்டும்.

கையேட்டில் ஒரு வரி: "வழங்கல் தடைபட்டால் செயலர் மாற்று ஏற்பாடு செய்ய வேண்டும்." என்ன ஏற்பாடு, லாரியா?

'நம்பிக்கை–நிதி ஆதரவு உடன்பாடு' என்று எழுதிக்கொடுத்தேன். அந்த 'மற்றும்' ஒழிந்ததே எனக்குப் பாதி நிம்மதி. பக்கத்திலேயே 'சிறுபான்மை அரசு' வேறு. சிறுபான்மையினர் நடத்தும் அரசு என்று படித்துவிடுவார்களே என்று 'பெரும்பான்மையற்ற அரசு' ஆக்கினேன். அதை மட்டும் ஏற்றுக்கொண்டார்கள்.